உசாந்தினி வாங்காத வெள்ளைச் சீலை

கிழக்கிலங்கைக் கடலோரத்து நெசவூரான மருதமுனையில் முனவ்வறாவின் குரலைக் கேட்டறியாத ஆள் கிடையாது. பதினாலு வயதில் தறியில் உட்கார்ந்தவள். ஒரே கூரைக்குள் நாலு தறி சடசடத்தால் அதற்கு மேலால் கத்தித்தான் கதைக்க வேண்டும். கத்திக் கத்தியே அவளுடைய தொண்டை அப்படி அமைந்துவிட்டது. இரகசியம் சொன்னால்கூட மூன்று வீட்டு வளவுக்குக் கேட்கும். "இவளிட்ட ஒரு கதையச் செல்றதும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில செல்றதும் ஒண்டுதான்" என்பார் அவளுடைய கணவர் பக்கீர் முகைதீன். அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் துணிப்பொதியைக் கட்டிக்கொண்டு, அம்பாறைக்கு அங்காலே இருக்கும் சிங்கள ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சீலையும் ஆண்கள் உடுக்கிற சாறனும் விற்பவர். மகா பொறுமைசாலி. இருபத்தைந்து வருஷம் முனவ்வறாவோடு குடித்தனம் நடத்திய மனிதனுக்குப் பொறுமை வராமல் வேறென்ன வரும்?

வாய்தான் அப்படி. மனசு வேறு. ஆனால் அந்த மனசும் தப்புச் செய்யும் என்பதற்குத்தான் இந்தக் கதை. அதை அவளே ஊர் கேட்கச் சொல்லுவாள், ஒளிக்க மாட்டாள்.

முதலில் கடல் வந்த நாளைச் சொல்லியாக வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை. பக்கீர் முகைதீன் அம்பாறைப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்தார். முனவ்வறா தறியில் இருந்தாள். தெருவில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டு, 'என்ன, ஆரும் அடிபடுறானுகளா?' என்று எழும்பினதுதான் அவளுக்கு ஞாபகம். பிறகு தண்ணீர். கறுத்த, கனத்த தண்ணீர். தறியும் போயிற்று, வீடும் போயிற்று, பக்கத்து வளவில் இருந்த உம்மாவும் ராத்தாவும் போனார்கள். முனவ்வறா கண்ணைத் திறந்தபோது ஊருக்கு மேற்கே, வயற்கரையில், ஒரு கம்பி வேலியில் மாட்டிக் கிடந்தாள். உடம்பில் ஒரு முழத் துணி இல்லை. அலை எல்லாவற்றையும் உரிந்துகொண்டு போயிருந்தது.

உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை, வெட்கம். ஆண்களின் குரல் கிட்டக் கிட்ட வந்தது. உதவி கேட்டுக் கத்த வேண்டிய நேரத்தில், ஊரே கேட்கக் கத்தும் அந்தப் பெண், வாயைப் பொத்திக்கொண்டு சேற்றுக்குள் இன்னும் ஆழமாக அமிழ்ந்தாள். "யா அல்லாஹ், என்னையும் எடுத்துக்கோ" என்று கேட்டாள்.

அப்போது ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. சம்மாந்துறையிலிருந்து மையித்துகளை எடுக்க வந்தது. பெட்டியில் கபன் துணிச் சுருள்கள், இறந்தவர்களைச் சுற்றுகிற வெள்ளைத் துணி. ஓட்டி வந்தவர் இறங்கினார், அவளைக் கண்டார், அப்படியே மறுபக்கம் திரும்பிவிட்டார். திரும்பி நின்றபடியே துணியைக் கிழிக்கிற சத்தம். கையைப் பின்னால் நீட்டி எறிந்தார். "தங்கச்சி, இதச் சுத்திக்கங்க. நான் பாக்கல்ல. அல்லாஹ் மேல ஆணையா பாக்கல்ல." மையித்துக்கு வந்த துணியை உயிரோடு இருக்கிற ஒருத்தி உடுத்திக்கொண்டு எழும்பினாள். அந்த மனிதரின் முதுகைத்தான் அவள் கண்டாள், முகத்தைக் காணவில்லை. பெயரும் தெரியாது. அன்றிலிருந்து ஐந்து நேரத் தொழுகையிலும் அந்த முதுகுக்காக அவள் துஆக் கேட்காத நாளில்லை.

அதனால் முனவ்வறாவுக்கு வெள்ளை என்றால் ஒரு நிறமில்லை. மானம். உலகத்தில் ஒருத்திக்கு ஒருத்தி கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய பொருள் ஒரு வெள்ளைத் துணி என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவள் முடிவு கட்டினால் கட்டினதுதான்.

இரண்டு வருஷம் கழிந்தது. நிவாரணத்தில் கிடைத்த இரண்டு தறியும் நூலும் அவளை மறுபடி நிமிர்த்தின. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மாசி, பங்குனியில் தறி ஓயாமல் வெள்ளைச் சீலை நெய்துகொண்டிருந்தாள். புத்தரின் திருநாளான வெசாக் வந்தால் சிங்களப் பெண்கள் பன்சலைக்கு, தங்கள் கோயிலுக்கு, வெள்ளை உடுத்துப் போவார்கள். பக்கீர் முகைதீனுக்கு அந்த ஒரு மாசம்தான் பெருநாள். பத்தொன்பது சீலை மடித்து அடுக்கியாயிற்று.

அந்தப் பங்குனியில்தான் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. ஷெல் சத்தத்தில் மருதமுனையில் சுவர் அதிர்ந்தது. தமிழ்ச் சனம் தோணியில் ஏறியும், கழுத்தளவு தண்ணீரில் நடந்தும் இக்கரைக்கு வந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் பள்ளிக்கூடமெல்லாம் அகதி முகாமாயிற்று. உடுத்த உடுப்போடு வந்திருக்கிறார்கள் என்ற கதை சந்தையில் அடிபட்டது.

'உடுத்த உடுப்போடு' என்ற சொல் முனவ்வறாவின் காதில் விழுந்ததுதான் தாமதம், அடுக்கியிருந்த சீலைகளை எடுத்துப் பொதி கட்டத் தொடங்கினாள். பக்கீர் முகைதீன் தலையைச் சொறிந்தார்.

"வெசாக்குக்கு நான் என்னத்தக் கொண்டுபோறது?"

"பல்லக் காட்டிட்டுப் போங்க. உங்கட சிரிப்புக்கு நல்ல விலை கிடைக்கும்."

அவர் சிரித்தார். தடுக்கவில்லை. தெருவில் ஒரு பெரியவர் தடுத்தார். "தொண்ணூறாம் ஆண்டு நம்மட ஆக்களச் சுட்டதெல்லாம் மறந்துபோச்சா புள்ள? அந்தத் தமிழ் ஆக்களுக்கா கொண்டுபோறாய்?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. "அண்டைக்குத் துவக்கத் தூக்கினவன் வேற, இண்டைக்குப் புள்ளையத் தூக்கிட்டு ஓடி வாறவள் வேற. எனக்கு ஒண்டும் மறக்கல்ல. நீங்க குடுக்காட்டி சும்மா இரிங்க, குடுக்கிறவள்ட கால இழுக்காதீங்க" என்று அவள் போட்ட போட்டில், மனிதர் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார். அன்றைக்கு மழையுமில்லை, பெரிய வெயிலுமில்லை.

பக்கத்து வீட்டு நாச்சியாவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் முகாமுக்குப் போனாள். நாச்சியா நூலுக்குச் சாயம் போடுகிறவள், முனவ்வறாவின் சிறுவயதுக் கூட்டாளி. பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்கள் தரையில் குந்தியிருந்தார்கள். மூலையில் ஒரு சின்னப் பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். விலாப் பக்கம் கிழிந்த சட்டையை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் கிழவி ஒருத்திக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொத்திய கையைக் கண்டதும் முனவ்வறாவுக்கு அந்தக் கம்பி வேலி ஞாபகம் வந்தது. வரிசையெல்லாம் விட்டுவிட்டு நேரே அவளிடம் போனாள். ஆக நல்ல சீலையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அந்தப் பெண், வெள்ளையைக் கண்டதும், வாங்க நீட்டின கையை நெருப்பில் பட்டவள் போலப் பின்னுக்கு இழுத்தாள்.

"வாங்கு மகள், புதுச் சீலை. என்ட தறியில நெய்ஞ்சது."

பெண் தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த கிழவி, அவளுடைய மாமியார் சாரதாதேவி, வெள்ளையைக் கண்டாளோ இல்லையோ, தேத்தண்ணிக் கோப்பையை விட்டெறிந்துவிட்டு எழும்பினாள். "ஐயோ, என்ட புள்ள சாகல்ல! ஆரடி நீ, என்ட மருமகளுக்கு வெள்ளை உடுத்த வந்தவள்? ஆரடி உன்ன அனுப்பினது?" மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சீலை வாங்க எழும்பிய மற்றப் பெண்களும் மறுபடி குந்திவிட்டார்கள்.

முனவ்வறாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மானம் மறைக்கக் கொண்டுவந்தவளுக்கு ஏச்சா? என்ட பெருநாளையே கட்டிக்கொண்டு வந்திரிக்கன். வேணாட்டிக் கிடங்க!" பத்தொன்பது சீலையையும் பொதியில் திணித்தாள். நாச்சியா, "மெல்லக் கதை புள்ள" என்று கையைப் பிடித்தாள். அவளுக்கும் ஒரு ஏச்சு விழுந்தது. ஓட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டாள், பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான். கை இன்னும் விலாவைப் பொத்தியபடியே இருந்தது.

"அக்கா, கோவிச்சுக்கொண்டு போகாதீங்க. எங்கட சனத்தில புருஷன் செத்தவதான் வெள்ளை உடுக்கிறது. எங்கட அவர், லக்சன், மாட்டுப்பட்டிய அவிழ்த்து உடப் போனவர். 'நீ அம்மாவக் கூட்டிட்டுத் தோணியில ஏறு, நான் பின்னால வாறன்' எண்டு சொல்லிட்டுப் போனவர். ஒன்பது நாளாச்சு. செத்துட்டார் எண்டுதான் எல்லாரும் கதைக்காங்க. நான் இத உடுத்தா, நானும் ஓம் எண்டு சொன்ன மாதிரி. கிழிஞ்சது பரவாயில்ல அக்கா. இதோட இருப்பன்."

முனவ்வறா ஓட்டோவில் வைத்த காலை இறக்கினாள். தங்கள் பெண்களும் கணவர் மௌத்தானால் வெள்ளை உடுத்து, இத்தா என்று வீட்டுக்குள் துக்கம் காப்பதுண்டு, அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் நாலு மாசம் பத்து நாளில் அது முடிந்துவிடும். அதே வெள்ளையில் தொழுவார்கள், ஹஜ்ஜுக்குப் போவார்கள். வெள்ளையை நீட்டுவது ஒருத்தியின் புருஷனைக் கொல்வதற்குச் சமமாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தன்னைக் காப்பாற்றிய பொருள் எல்லோரையும் காப்பாற்றும் என்று நம்பினாளே, அந்த மடத்தனத்தை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

"உன்ட பேரென்ன மகள்?"

"உசாந்தினி."

முனவ்வறா தன் தோளில் கிடந்த பச்சைச் சால்வையை எடுத்தாள். அதைப் பெண்ணின் உடம்பைச் சுற்றிப் போர்த்திவிட்டு, "மூணு நாளில வாறன். மனசு நிறையக் கலர் கொண்டாறன். நீ உன்ட புருஷனுக்குக் காத்திரி" என்றாள். அவள் தணிந்த குரலில் கதைத்ததை நாச்சியா அன்றுதான் முதல்முதல் கேட்டாளாம்.

நூலுக்குச் சாயம் போடுவது ஒரு வேலை, நெய்து முடித்த சீலைக்குப் போடுவது வேறு வேலை. சீலையில் கஞ்சி ஏறியிருக்கும், சாயம் பிடிக்காது. நாச்சியாவின் வளவில் அண்டாவை ஏற்றி, பத்தொன்பதையும் அவித்து, அடித்து, அலசிக் கஞ்சியைப் போக்கவே முதல் நாள் போயிற்று. இருந்த சாயமெல்லாம் எடுத்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்தரிப்பூ. முதல் சீலை திட்டுத் திட்டாக வந்தது. "இதென்ன கா, படை வந்த மாடு மாதிரி இரிக்கி" என்று நாச்சியா சிரித்தாள். "சிரிக்காத, திருப்பிப் போடு" என்று முனவ்வறா துடுப்பைப் பிடுங்கினாள். மூன்றாம் நாள் கொடியில் பத்தொன்பது சீலையும் காய்ந்தபோது வளவு கல்யாண வீடாகத் தெரிந்தது. இருவருடைய கையும் முழங்கை மட்டும் அரக்கு நிறம். அந்தக் கையோடுதான் தொழுதார்கள், அந்தக் கையோடுதான் சோறு தின்றார்கள்.

இந்த முறை ஒருத்தியும் கையை இழுக்கவில்லை. சண்டை பிடித்து வாங்கினார்கள். "எனக்கு மஞ்சள், எனக்கு மஞ்சள்" என்று ஒரு கிழவியே அடம் பிடித்தாள். உசாந்தினி அரக்கை எடுத்தாள். மறைப்புக்குள் போய் உடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, அவளுடைய இரண்டு கையும் விலாவை விட்டு இறங்கியிருந்தன. முனவ்வறாவுக்கு அது போதும். சாரதாதேவி மட்டும் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் சும்மா இருக்கவில்லை. கணவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போற ஊரிலயெல்லாம் ஆசுப்பத்திரி இரிக்கிதானே? ஒண்டு விடாம உள்ளுக்குப் போய்க் கேளுங்க. லக்சன். மாடு அவிழ்க்கப் போனவன்."

"ஏண்டி, எத்தின ஆசுப்பத்திரி? சந்தேகப்பட்டு என்னையும் புடிச்சாங்க எண்டா?"

"புடிச்சா நான் வந்து கத்துறன். உட்டுடுவாங்க."

அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. விற்க வெள்ளையில்லாமல், மிஞ்சிக் கிடந்த சாறன்களோடு புறப்பட்டார். அந்த மாசம் வீட்டில் பாதி நாள் கஞ்சிதான். போகிற வழியில் இருந்த ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இறங்கினார். காவலாளிகளிடம் தன் சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டு, வார்டு வாசலில் நின்று, "படுவான்கரை ஆக்கள் ஆரும் இரிக்கீங்களா?" என்று தமிழில் கேட்பார். ஏழாவது இடத்தில் சன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு கை எழும்பியது.

லக்சன்தான். பட்டியை அவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது ஷெல் துண்டு இடது காலைக் கிழித்திருக்கிறது. காட்டு வழியாகத் தவழ்ந்து விழுந்து கிடந்தவனை ஒரு சிப்பாய் கண்டு, தோளில் போட்டுத் தூக்கிவந்து வாகனத்தில் ஏற்றியிருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டில் யாருக்கும் தமிழ் தெரியாது, அவனுக்குச் சிங்களம் தெரியாது. பெண்டாட்டியும் தாயும் எந்தக் கரையில், எந்த முகாமில் என்றும் தெரியாது. அந்தச் சிப்பாய் மட்டும் இரண்டு தரம் வந்து, பிஸ்கட் பொதியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பேச ஒரு சொல்லும் இல்லாமல் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பக்கீர் முகைதீன் இதைச் சொன்னதும் முனவ்வறா செய்த முதல் வேலை முகாமுக்கு ஓடியது. இரண்டாவது வேலை, தறியில் இருந்த ஆக நல்ல சாறனை அறுத்தெடுத்து, "அந்த ஆமிக்காரப் புள்ளைக்குக் குடுங்க" என்று கணவர் கையில் கொடுத்தது. அவர் கொண்டுபோனபோது அவனை வடக்குக்கு மாற்றியிருந்தார்கள். சாறன் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வடக்கில் சண்டை நடந்த செய்தி வந்த நாளெல்லாம் அவள் வானொலியை நிற்பாட்டிவிட்டு, அவனுக்கும் ஒரு துஆக் கேட்பாள். அவனுடைய பெயரும் அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் எங்கேயாவது நன்றாக இருக்கட்டும்.

ஆடி மாசம், படுவான்கரைச் சனம் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு நாள் முற்பகலில் மூன்று பேர் முனவ்வறாவின் வாசலில் வந்து நின்றார்கள். லக்சன் கக்கத்தில் கட்டை ஊன்றியிருந்தான். உசாந்தினி கையில் எருமைத் தயிர்ச் சட்டி. சாரதாதேவி தலையில் ஒரு பூசணிக்காய். முனவ்வறா தறியை விட்டு எழும்பி வருவதற்குள் லக்சன் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு அவளுடைய காலில் விழக் குனிந்தான்.

"அல்லாஹ்வே! எழும்பு மகன், எழும்பு. எங்களுக்கு அது ஆகாது. விழுந்துகிழுந்து மத்தக் காலையும் முறிச்சிடாத."

எல்லோரும் சிரித்தார்கள். சாரதாதேவி சிரிக்கவில்லை. பூசணிக்காயை இறக்கி வைத்துவிட்டு முனவ்வறாவின் கையைப் பிடித்தாள். "தங்கச்சி, அண்டைக்கு வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன். கண்காணாத இடத்தில கிடந்த என்ட புள்ளையத் தேடித் தந்தவள் நீ. உனக்கு நான் என்ன செய்யப்போறன்?"

லக்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்துக்கு அம்மா ஏசினீங்க?" என்று கேட்டான். உசாந்தினி தலை குனிந்தாள். அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நான் செல்றன்" என்றாள் முனவ்வறா. ஒன்றையும் விடவில்லை. பத்தொன்பது வெள்ளையைக் கட்டிப் போனது, முதல் சீலையை அவன் பெண்டாட்டிக்கு நீட்டியது, ஏச்சு வாங்கியது, திருப்பி ஏசியது, உசாந்தினி பின்னால் ஓடி வந்து காரணம் சொன்னது, எல்லாவற்றையும் தெருவே கேட்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு உசாந்தினியின் பக்கம் திரும்பினாள். அந்தக் குரல் அப்போதுதான் உடைந்தது.

"எல்லாரும் எனக்கு நன்றி செல்றீங்க. நான் இவளுக்குச் செல்லோணும். கிழிஞ்ச சட்டையோட நிண்ட புள்ள. மானத்துக்குப் பயந்து அண்டைக்கு அந்த வெள்ளைய வாங்கி உடுத்திருந்தா, ஆரும் குத்தம் செல்லியிரிக்க மாட்டாங்க. உடுத்திருந்தா நானும் சந்தோஷமாத் திரும்பி வந்து தறியில இரிந்திரிப்பன். ஆரயும் தேடச் சொல்லியிரிக்க மாட்டன். இந்தப் புள்ள அந்தக் கட்டில்ல தேடி வர ஆளில்லாமக் கிடந்திரிப்பான். நீ வாங்காம உட்டாயே மகள், அந்த ஒண்டுக்கு உனக்கு அல்லாஹ் ஆயிரம் நன்மையத் தரட்டும்."

உசாந்தினி தயிர்ச் சட்டியை வைக்க இடமில்லாமல் அதையும் பிடித்துக்கொண்டே அழுதாள். லக்சன் ஒற்றைக் காலில் நின்றபடி எட்டி அவளுடைய தோளைப் பிடித்தான். தான் செத்துவிட்டதாக எல்லோரும் சொன்னபோதும் இவள் ஒருத்தி ஓம் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.